ஒன்பது, மாலை ஐந்து நாற்பது

நவம்பர் கடைசியில் போன சூரியன்
போட்ஸ்ஃபியோருக்கு இன்னும் திரும்பவில்லை.
மருத்துவ நிலையத்து வாசலில்
பனிக்காலணிகள் குவிந்து கிடக்கின்றன.
உள்ளே எல்லோரும் இருமுகிறார்கள்.

மீன் எடையைச் சொல்வதுபோலத்தான்
சி.ஆர்.பி. சொல்வார்கள் இந்த ஊரில்.
பால் வாங்கும் வரிசையில்,
"எனக்குப் பதினாலு. உனக்கு?"
"முப்பத்தாறு."
சொன்னவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

தோர்டிஸ் விரல்நுனியில் குத்துகிறாள்.
முதல் சொட்டைத் துடைத்துவிடுகிறாள்,
இரண்டாவதைக் கண்ணாடிக் குழல்
தானே உறிஞ்சிக்கொள்கிறது.
கருவி மூன்று நிமிடம் முனகும்.
அதுவரை யாரும் பேசுவதில்லை,
இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள்.

வியாழன் மாலை ஐந்து நாற்பது.
ஒட்வார், நண்டுப் படகின் தலைவர், வயது அறுபத்தொன்று.
காலையில் பிடித்த காய்ச்சல்.
நாலு மணிக்குப் படகு;
அதிகாலை என்று பெயர், விடியல் கிடையாது.
"பெனிசிலின் கொடு, போய்விடுகிறேன்."
கருவி சொன்னது: ஒன்பது.
டாக்டர் ஃப்ரோடே சொன்னார்:
வைரஸாகத்தான் இருக்கும்,
மாத்திரை வேண்டாம், கடலும் வேண்டாம்,
மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள்.
ஒட்வாருக்குக் கேட்டது ஒன்பது மட்டும்.
வாசலில் நின்று மனைவிக்குப் போன் செய்தார்,
பரீட்சையில் தேறிய பையனைப்போல.

வெள்ளிக்கிழமை,
மீன் ஆலையின் நீல மேலங்கியோடு
வைதோதாஸ் மகளைத் தூக்கி வந்தான்.
ஸ்மில்தே. இரண்டு வயது. சிவந்த கண்கள்,
ஐந்தாம் நாள் காய்ச்சல்.
நூற்று நாலு.
திரையில் அவனும் பார்த்துவிட்டான்.
லித்துவேனிய மொழியில் ஏதோ சொன்னான்,
யாரும் அர்த்தம் கேட்கவில்லை.
ஃப்ரோடே நெஞ்சில் குழல் வைத்து
நெடுநேரம் கேட்டார். காதுக்குள் பார்த்தார்.
மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினார்.
மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டதற்கு
அவள் ஆலைக்கே கேட்கும்படி அழுதாள்.
அடினோ வைரஸ்.
"நூற்று நாலுக்கு மருந்தில்லையா?"
"எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை."
சொல்லிவிட்டாரே தவிர
இரவில் இரண்டு முறை அவரே கூப்பிட்டு
குழந்தை தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார்.

ஈரலைக் குறை சொல்ல முடியாது.
எங்கோ எரிகிறதென்று அதற்குச் செய்தி வரும்,
ரத்தம் முழுக்கத் தண்டோரா போடும்.
கொளுத்தியது யாரென்று
அதனிடம் கேட்பதில் நியாயமில்லை.
செய்தி போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும்.
அரை நாள். சில சமயம் அதற்கும் மேலே.

ஞாயிறு இரவு
பாதிக் கூண்டுகளைக் கடலிலேயே விட்டுவிட்டு
படகு திரும்பியது.
ஒட்வாரை இருவர் தாங்கி வந்தார்கள்.
உதடு நீலம்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
கிர்கெனெஸிலிருந்து விமானம் வருவதற்குள்
ஊசி ஏறிவிட்டது, பிராணவாயு ஏறிவிட்டது,
பனிக்காற்றுதான் இறங்கவில்லை.

எல்லோரும் போனபின் தோர்டிஸ்
பழைய பதிவைத் திறந்தாள். ஒன்பது.
சோதனைத் திரவம் விட்டுக் கருவியைப் பார்த்தாள்.
சரியாகவே இருந்தது, அதுதான் அவளை உறுத்தியது.
முதலில் வைரஸே வந்திருக்கலாம்.
அது திறந்துவைத்த கதவில்
பின்னால் வேறொன்று நுழைந்திருக்கலாம்.
அல்லது முதலிலிருந்தே அதுதானோ.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
அவள் எடுத்துப் பார்த்தது
உலையில் இட்டவுடன் எடுத்த அரிசி.

திங்கள் முதல் அவள் துண்டுச்சீட்டில்
எண்ணுக்குக் கீழே பேனாவால்
இன்னொன்றும் எழுதுகிறாள்:
காய்ச்சல் தொடங்கி இத்தனை மணி.
பால் வரிசையில் குழப்பம்.
"பதினொன்று, கீழே ஆறு. இது ஜாஸ்தியா, கம்மியா?"
ஸ்மில்தே பிழைத்து வந்து
காத்திருப்போர் அறையின் மீன்தொட்டியில்
ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

வியாழன் மதியம், கிர்கெனெஸ் வார்டிலிருந்து
ஒட்வாரின் குறுஞ்செய்தி:
இன்றைக்கு அறுபத்தொன்று. என் வயசேதான்.

தோர்டிஸ் சிரித்தாள்.
கையுறையைக் கழற்றிவிட்டுப் பதில் தட்டினாள்:

எத்தனை மணிக்கு எடுத்தது?